காருக்கு மூச்சும் தண்ணீரும் தந்தவர்

ஒரு காரின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

முன்பக்கத்தில் சல்லடை போல ஒரு தட்டு தெரியும். அதுதான் ரேடியேட்டர். என்ஜினில் சூடேறிய தண்ணீர் அதற்குள் வந்து, காற்று பட்டு, ஆறிப் போகிறது.

பழைய காராக இருந்தால், என்ஜினை ஒட்டி ஒரு சிறு உலோகப் பாத்திரமும் இருக்கும். அது கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிறது. என்ஜின் விடும் மூச்சு அதன் வழியாகத்தான் போகிறது.

இந்த இரண்டையும் உருப்படியான கருவிகளாகச் செய்து காட்டியவர் ஒரே மனிதர். அவர் பெயர் வில்ஹெல்ம் மேபேக்.

அவர் கட்டிய கார் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தக் காரில் அவர் பெயர் இல்லை. ஒரு சிறுமியின் பெயர்தான் இருந்தது!

அனாதைச் சிறுவன்

ஜெர்மனியில் ஹைல்பிரான் என்று ஓர் ஊர். அங்கே 1846-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி மேபேக் பிறந்தார். தந்தை தச்சர். வீட்டில் ஐந்து ஆண் குழந்தைகள்.

பிள்ளைப் பருவம் முடிவதற்குள் தாய் இறந்தார். பிறகு தந்தையும் இறந்தார். ஐந்து சகோதரர்களும் திக்கற்றுப் போனார்கள்.

உறவினர்கள் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளை ஆதரிக்க யாராவது முன்வர வேண்டும் என்பதுதான் அந்த விளம்பரம்.

ராய்ட்லிங்கன் என்ற ஊரில் ஓர் அனாதை இல்லம் இருந்தது. குஸ்டாவ் வெர்னர் என்ற பெரியவர் அதை நடத்தி வந்தார். அவர் சிறுவன் வில்ஹெல்மைத் தம் இல்லத்தில் சேர்த்துக் கொண்டார்.

அந்த இல்லத்தில் சோறு மட்டும் போடவில்லை. தொழிலும் கற்றுக் கொடுத்தார்கள். அதற்கென்றே அங்கு ஓர் இயந்திரப் பட்டறை இருந்தது.

பையனுக்குப் படம் வரைவதில் கை நன்றாக ஓடியது. இயந்திரத்தைப் பார்த்தால் அதன் உறுப்புகளைத் தாளில் வரைந்து விடுவான். வெர்னர் இதைக் கவனித்தார். பையனைப் பட்டறையின் வரைபடப் பிரிவில் சேர்த்தார். கணக்கும் பௌதிகமும் படிக்க வெளிப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்.

ஒரு பெரியவரின் கண் சரியான நேரத்தில் பட்டது. இல்லாவிட்டால் அந்தப் பையன் என்ன ஆகியிருப்பான்?

ஒரு நட்பு பிறந்தது

1865-ல் மேபேக்குக்கு வயது 19. அப்போது அந்தப் பட்டறைக்கு ஒரு மேலாளர் இருந்தார். அவர் பெயர் காட்லீப் டெய்ம்லர். மேபேக்கை விட 12 வயது மூத்தவர்.

டெய்ம்லருக்குக் கற்பனை அதிகம். துணிச்சலும் அதிகம். மேபேக் பேசாத ஆள். ஆனால் அவர் கையில் பென்சிலைக் கொடுத்தால் போதும். டெய்ம்லர் மனதில் நினைத்தது தாளில் உருவமாக வந்து விடும்.

அன்று தொடங்கிய நட்பு 35 ஆண்டுகள் நீடித்தது.

டெய்ம்லர் கார்ல்ஸ்ரூ நகரத்துக்கு வேலைக்குப் போனார். 1869-ல் மேபேக்கும் அங்கே போனார். பிறகு டெய்ம்லர் கொலோன் நகருக்குப் பக்கத்தில் இருந்த டாய்ட்ஸ் என்ஜின் தொழிற்சாலைக்குப் போனார். மேபேக்கும் உடன் சென்றார். 1873-ல் அங்கே தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.

அந்தத் தொழிற்சாலையின் முதலாளிகளில் ஒருவர் நிகோலஸ் ஓட்டோ. 1876-ல் அவர் நான்கு வீச்சு என்ஜினை ஓட்டிக் காட்டினார். உலகில் இன்று ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அந்த முறையில்தான் ஓடுகின்றன.

ஆனால் ஓட்டோவின் என்ஜின் மிகப் பெரியது. நிமிடத்துக்கு 200 சுற்றுக்கும் குறைவாகவே சுற்றியது. தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்ய அது போதும். வண்டியில் ஏற்ற முடியாது.

சின்ன என்ஜின் வேண்டும். வேகமாகச் சுற்ற வேண்டும். டெய்ம்லரும் மேபேக்கும் இதே நினைவாக இருந்தார்கள்.

போலீஸ் வந்தது!

1882-ல் டெய்ம்லர் அந்த வேலையை விட்டார். ஸ்டுட்கார்ட் நகரத்தை அடுத்த கான்ஸ்டாட் என்ற ஊரில் வீடு வாங்கினார். தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. அதையே பட்டறை ஆக்கினார்.

மேபேக்கும் மனைவி, சிறு குழந்தையுடன் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தையின் பெயர் கார்ல். பின்னால் இந்தக் கதையில் அவனும் வருவான்.

இரவு பகலாக அந்தப் பட்டறையில் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுத் தோட்டக்காரருக்கே சந்தேகம் வந்து விட்டது. கள்ள நாணயம் அடிக்கிறார்களோ என்று நினைத்துப் போலீசில் சொல்லி விட்டாராம்.

போலீசார் வந்து சோதனை போட்டார்கள். காசு ஒன்றும் கிடைக்கவில்லை. இரும்பும் என்ஜினும்தான் இருந்தன!

1885-ல் அந்தப் பட்டறையில் இருந்து ஒரு சிறு என்ஜின் வெளியே வந்தது. அரைக் குதிரை சக்திதான். ஆனால் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றியது. அதை ஒரு மரச் சட்டத்து இரு சக்கர வண்டியில் பொருத்தி ஓட்டினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் முன்னோடி. அடுத்த ஆண்டு நான்கு சக்கர வண்டியிலும் என்ஜினைப் பொருத்தினார்கள்.

அதே சமயத்தில் மான்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்பவர் தனியாகத் தம் மோட்டார் வண்டியைச் செய்து கொண்டிருந்தார்.

சூடு என்ற எதிரி

என்ஜினுக்குள்ளே நெருப்பு எரிகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதிதான் வண்டியை ஓட்டுகிறது. மீதிச் சூட்டை வெளியேற்றியாக வேண்டும். வெளியேற்றாவிட்டால் இரும்பு விரிந்து என்ஜின் இறுகி நின்று விடும்.

பென்ஸ் தம் காரில் தண்ணீரைக் கொதிக்க விட்டார். அது ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கொண்டு போயிற்று. ஆனால் தண்ணீர் தீர்ந்து கொண்டே இருந்தது. 1888-ல் பென்சின் மனைவி பெர்த்தா தம் இரண்டு மகன்களுடன் சுமார் 100 கிலோ மீட்டர் தூரம் அந்தக் காரில் போனார். வழியெல்லாம் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்ற வேண்டி இருந்தது.

மேபேக் வேறு வழியை யோசித்தார். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வர வேண்டும். என்ஜினில் சூடாக வேண்டும். வெளியே வந்து ஆற வேண்டும். மறுபடி உள்ளே போக வேண்டும்.

1889-ல் அவர் வடிவமைத்த ஒரு கார் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. அதன் சட்டம் இரும்புக் குழாய்களால் ஆனது. அந்தக் குழாய்களுக்குள்ளேயே தண்ணீரை ஓட விட்டார்! வண்டியைத் தாங்கும் எலும்பும் அதுதான். தண்ணீரை ஆற வைக்கும் குழாயும் அதுதான்.

சிறிய என்ஜினுக்கு அது போதும். என்ஜின் பெரிதானால் போதாது. அந்தச் சிக்கல் அவர் மனதில் இருந்து கொண்டே இருந்தது.

ஓட்டல் மண்டபத்தில் ஒரு கண்டுபிடிப்பு

1890-ல் டெய்ம்லர் கம்பெனி தொடங்கப்பட்டது. பணம் போட்டவர்கள் கை ஓங்கியது. மேபேக்குக்கு அவர்கள் கொடுத்த ஒப்பந்தம் ஏற்கத் தக்கதாக இல்லை. 1891-ல் அவர் வெளியேறி விட்டார். என்ஜினை வரைந்தவருக்கே அந்தக் கம்பெனியில் இடம் இல்லை!

ஆனால் டெய்ம்லர் நண்பரைக் கைவிடவில்லை. கான்ஸ்டாட் ஊரில் மூடிக் கிடந்த ஓர் ஓட்டலின் நடன மண்டபத்தை 1892-ல் வாடகைக்குப் பிடித்தார்கள். பணம் டெய்ம்லருடையது. உழைப்பு மேபேக்குடையது.

அந்த மண்டபத்தில் பிறந்ததுதான் தெளிப்பு முறைக் கார்புரேட்டர். ஆண்டு 1893.

அதற்கு முன் என்ன செய்தார்கள்? ஒரு பாத்திரத்தில் பெட்ரோலை வைத்து, அதன் மேலாகவோ அதன் ஊடாகவோ காற்றை இழுத்தார்கள். பெட்ரோலின் ஆவி காற்றோடு கலந்து போகும். முதலில் லேசான பகுதி ஆவியாகி விடும். கனமான பகுதி அடியில் தங்கி விடும். அதனால் என்ஜின் ஒரு நேரம் நன்றாக ஓடும். ஒரு நேரம் இருமும்.

மேபேக் ஒரு நுண்ணிய துளை வைத்தார். அந்தத் துளைக்கு மேலே காற்று வேகமாகப் பாயும். பாயும் காற்று பெட்ரோலை உறிஞ்சித் தூளாகத் தெளிக்கும். என்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அதற்குத் தக்கபடி பெட்ரோலும் வரும்.

ஹங்கேரி நாட்டில் பாங்கி, சோன்கா என்ற இரண்டு பேரும் அதே 1893-ல் இதே போன்ற கருவிக்குக் காப்புரிமை கேட்டார்கள். காலம் கனிந்தால் ஒரே எண்ணம் பல இடங்களில் முளைக்கும்.

தெளிப்பு முறை உலகம் முழுவதும் பரவியது. ஏறக்குறைய 100 ஆண்டுகள் கார்கள் எல்லாம் அந்த முறையில்தான் மூச்சு விட்டன.

தேன்கூடு

கம்பெனிக்கு மேபேக் இல்லாமல் முடியவில்லை. 1895-ல் அவரைத் திரும்ப அழைத்தார்கள். தொழில்நுட்ப இயக்குனர் பதவி கொடுத்தார்கள்.

தண்ணீர்ச் சிக்கலை அவர் மறுபடி கையில் எடுத்தார். 1897-ல் பல சிறு குழாய்கள் கொண்ட ரேடியேட்டரைச் செய்தார்.

1900-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி டெய்ம்லர் இறந்தார். 35 ஆண்டு நட்பு முடிந்தது.

அதே மார்ச் மாதக் கடைசியில் பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரில் ஒரு மலைப் பந்தயம் நடந்தது. டெய்ம்லர் கம்பெனியின் கார் விபத்துக்கு உள்ளாகி ஓட்டியவர் இறந்தார். அந்தக் கார் மிக உயரமானது. கனமானது.

எமில் ஜெலினெக் என்ற பணக்கார வியாபாரி நீஸ் நகரில் இருந்தார். தாழ்வான, அகலமான, லேசான, வேகமான கார் வேண்டும் என்று அவர் கேட்டார். 36 கார்களுக்கு ஒரே தடவையில் ஆர்டர் கொடுத்தார். விலை 5 லட்சத்து 50 ஆயிரம் மார்க். ஒரு நிபந்தனையும் போட்டார். காருக்குத் தம் மகளின் பெயரை வைக்க வேண்டும். 10 வயதான அந்தச் சிறுமியின் பெயர் மெர்சிடிஸ்!

மேபேக் சில மாதங்களில் அந்தக் காரை முடித்தார். 35 குதிரை சக்தி. இவ்வளவு சக்தி உள்ள என்ஜினை எப்படி ஆற வைப்பது?

தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டரைச் செய்தார். அதில் 8,070 சிறு சதுரக் குழல்கள். ஒவ்வொன்றும் 6 மில்லி மீட்டர் அகலம். குழல்களுக்குள் காற்று போகும். குழல்களைச் சுற்றித் தண்ணீர் போகும். பின்னால் ஒரு சிறு விசிறியும் வைத்தார்.

தண்ணீரை மெல்லிய படலமாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். சூடான பாலை அகன்ற தட்டில் ஊற்றினால் ஆறுகிறது அல்லவா? அதே தத்துவம்தான்.

முன்பு தேவைப்பட்ட தண்ணீரில் பாதி போதும் என்று ஆயிற்று. 9 லிட்டர் தண்ணீரில் கார் ஓடியது.

1901 மார்ச் மாதம் நீஸ் பந்தயங்களில் மெர்சிடிஸ் கார் வெற்றி மேல் வெற்றி பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் மேபேக்குக்கு வடிவமைப்பாளர்களின் அரசர் என்று பட்டம் சூட்டினார்கள்.

சூடும் குளிரும் சேர்ந்தன

தெளிப்பு முறைக் கார்புரேட்டருக்கு ஒரு குணம் உண்டு. அது வேலை செய்யும்போது தானாகவே குளிர்ந்து விடும்.

ஏன்? கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்கிறது. ஆவியாகும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள சூட்டை எடுத்துக் கொள்கிறது. பெட்ரோலும் அப்படித்தான்.

காற்றில் ஈரம் இருந்தால் அது கார்புரேட்டருக்குள் பனிக்கட்டியாகப் படியும். வெளியே தண்ணீர் உறையாத நாளில்கூட உள்ளே பனி பிடிக்கும். காற்று போகும் வழி அடைபட்டு என்ஜின் நின்று விடும். காரில் நின்றால் தள்ளலாம். விமானத்தில் நின்றால்? கார்புரேட்டரில் பனி பிடித்து விழுந்த விமானங்கள் உண்டு.

பின்னால் வந்த பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். என்ஜினில் சூடாகி வரும் தண்ணீரில் கொஞ்சத்தைக் கார்புரேட்டரைச் சுற்றி ஓட விட்டார்கள். ஓரிடத்தில் வேண்டாத சூடு, இன்னோர் இடத்தில் மருந்தாயிற்று!

இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை ஊசி போன்ற கருவி பீய்ச்சுகிறது. ஆனால் காற்று போகும் கதவு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறப்பது அந்தக் கதவுதான். அது இருக்கும் உறுப்புக்குத் திராட்டில் பாடி என்று பெயர். குளிரில் அங்கேயும் பனி பிடிக்கலாம். அதனால் பல கார்களில் அதற்கும் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வெந்நீர் போகிறது.

குழாயை மாற்றலாமா?

இந்தக் குழாயைச் சிலர் எடுத்து விடுகிறார்கள். தண்ணீர் வரும் குழாயையும் போகும் குழாயையும் நேராக இணைத்து விடுகிறார்கள். திராட்டில் பாடிக்கு வெந்நீர் போகாது. காற்று சூடாகாமல் போனால் காருக்கு வேகம் கூடும் என்பது அவர்கள் எண்ணம்.

குளிர்ந்த காற்றில் சக்தி அதிகம் என்பது உண்மை. ஆனால் காற்று அந்த இடத்தைக் கண் இமைக்கும் நேரத்துக்குள் கடந்து விடுகிறது. அதற்குள் அதிகம் சூடேறாது. ஆகவே கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம்.

பனியே இல்லாத ஊரில் அந்த வெந்நீர் இல்லாமலும் கார் ஓடும். ஆனால் எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. சில கார்களில் அந்த வெந்நீர் பட்டு விரியும் மெழுகு ஒன்று இருக்கிறது. என்ஜின் சூடானதும் அதன் வேகத்தைக் குறைத்து நிதானத்துக்குக் கொண்டு வருவது அந்த மெழுகுதான். வெந்நீரை நிறுத்தினால் நிற்கும்போதும் என்ஜின் வேகமாக உறுமிக் கொண்டே இருக்கும். பெட்ரோல் வீணாகும்.

குழாயை அடைத்து வைப்பதும் தவறு. தண்ணீரின் ஓட்டம் தடைபடலாம். உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் என்ஜின் சூடேறிக் கெடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் பாயும். ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை, சிவப்புத் திரவத்தைக் குழந்தைகள் கையில் படும்படி வைக்கக் கூடாது. அதன் பல வகைகள் கொடிய விஷம்.

ஆகவே, வைத்தவன் ஏன் வைத்தான் என்று தெரிந்து கொண்ட பிறகுதான் எதையும் எடுக்க வேண்டும். இது காருக்கு மட்டும் உள்ள விதி அல்ல.

மறுபடியும் வெளியே

டெய்ம்லர் மறைந்த பின் கம்பெனியில் மேபேக்குக்கு ஆதரவு குறைந்தது. புதியவர்கள் வந்தார்கள். அரசர் என்று பெயர் பெற்றவர் மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டார். 1907-ல் அவர் கம்பெனியை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 61.

அவரை எடுத்து விட்டவர்கள் அவர் ஏன் அங்கே இருந்தார் என்று யோசித்தார்களா?

மேபேக் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. செப்பலின் பிரபு என்பவர் ஜெர்மனியில் பிரம்மாண்டமான ஆகாயக் கப்பல்கள் கட்டி வந்தார். அவற்றுக்கு நம்பகமான என்ஜின் தேவைப்பட்டது. 1909-ல் மேபேக்கும் செப்பலின் பிரபுவும் சேர்ந்து ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். நிர்வாகப் பொறுப்பு மேபேக்கின் மகன் கார்லிடம் கொடுக்கப்பட்டது. அன்று சிறு குழந்தையாகக் கான்ஸ்டாட் வந்த அதே கார்ல்தான்!

மகன் என்ஜின் கட்டினார். தந்தை யோசனை சொன்னார். 1921-ல் கார்ல் ஒரு காரையும் வெளியிட்டார். அந்தக் காருக்கு மேபேக் என்று பெயர். தந்தையின் பெயர் கடைசியில் ஒரு காரின் நெற்றியில் ஏறியது!

1916-ல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி மேபேக்குக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகாத அனாதைச் சிறுவன் டாக்டர் மேபேக் ஆனார்.

1929-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கிராப் செப்பலின் என்ற ஆகாயக் கப்பல் உலகத்தைச் சுற்றி வந்தது. அதைச் சுமந்து சென்றவை ஐந்து மேபேக் என்ஜின்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி வில்ஹெல்ம் மேபேக் ஸ்டுட்கார்ட் நகரில் காலமானார். வயது 83. கான்ஸ்டாட்டில் டெய்ம்லர் அடக்கம் செய்யப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள். வாழ்நாளெல்லாம் டெய்ம்லர் போன இடத்துக்கு எல்லாம் போனவர், கடைசியிலும் அவர் பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த முறை சாலையில் ஒரு கார் போகும்போது அதன் முன்பக்கத்தைப் பாருங்கள். எந்தக் கம்பெனியின் காராக இருந்தாலும் சரி. பெட்ரோல் காராக இருந்தால் அந்தச் சல்லடைக்குள் தண்ணீர் சுற்றிக் கொண்டிருக்கும்.

பெயர் எழுதாவிட்டாலும், அது மேபேக்கின் கையெழுத்துத்தான்.